பாட்டில் வாழும் மனிதர்கள்

(உரைநடைப் பகுதி)

கற்றல் நோக்கங்கள்

• கதைப்பாடல் என்னும் நாட்டுப்புற இலக்கிய வகையின் இயல்பை அறிதல்.
• மெய்யாக வாழ்ந்த மனிதர்களின் வரலாறு பாட்டில் எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை உணர்தல்.
• பாட்டு கூறும் செய்தியையும் பிற சான்றுகள் கூறும் செய்தியையும் ஒப்பிடும் திறன் பெறுதல்.

நுழையும்முன்

ஐதராபாத்தில் ஆடி மாதத்தையொட்டிப் போனாலு விழா நடைபெறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சனத்நகரை அடுத்த பல்கம்பேட்டை எல்லம்மன் கோவிலில் அந்நாள்களில் மக்கள் திரள்வர். தெலங்கானா ஊர்களில் ‘ஒக்கு’ எனப்படும் உடுக்கையை முழக்கிக் கதை பாடும் கலைஞர்கள், எல்லம்மன் கதையையும் மல்லண்ணன் கதையையும் இரவு முழுவதும் பாடுவர். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் கோவில் கொடை விழாக்களின்போது வில்லுப்பாட்டுக் கலைஞர்களும் இவ்வாறே விடியுமட்டும் கதை பாடுவர். மொழியும் கருவியும் வேறாயினும், இரு நிலத்தாரும் செய்யும் பணி ஒன்றே. இவ்வாறு பாடப்பெறும் கதைகளின் நாயகர்களுள் சிலர் தெய்வங்கள். வேறு சிலரோ இம்மண்ணில் நம்மைப் போலவே பிறந்து, வாழ்ந்து, மறைந்தவர்கள். அத்தகையோரைப் பற்றியது இப்பாடம்.

நடுகல்லும் பாட்டும்

இறந்தவரை நினைவில் நிறுத்தும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழைமையானது. போரில் மாண்ட வீரனுக்கும், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கும் முயற்சியில் உயிர் துறந்தவனுக்கும் கல் நட்டு வழிபட்டனர். கல்லைத் தேர்ந்தெடுத்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக நடுகல் வழிபாட்டின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்பன அவை. இவற்றுள் இறுதியாக அமைவது வாழ்த்து. கல்லை நட்டதோடு கடமை முடியவில்லை. வீரனின் புகழை வாயாரச் சொல்லிய பின்னரே சடங்கு நிறைவுற்றது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்கள் பலவற்றில் வீரனின் பெயரும் அவன் இறந்த காரணமும் பொறிக்கப்பட்டுள்ளன. எனினும் கல்லில் இடம் சிறிது. அவன் தாய் எவ்வாறு அழுதாள், நண்பன் என்ன சொன்னான், ஊர் என்ன பேசியது என்பனவற்றை நான்கு வரிக் கல்வெட்டு சொல்ல இயலாது. அவற்றைச் சொல்லும் இடம் பாட்டு.

சிலப்பதிகாரமும் இதற்குச் சான்று பகர்கிறது. கண்ணகி விண்ணுலகம் சென்ற காட்சியைக் கண்டவர்கள் மலைவாழ் குன்றக்குறவர்கள். அவர்கள் அதனைச் சேரன் செங்குட்டுவனிடம் கூறினர். அவளைத் தெய்வமாகக் கொண்டு குரவையாடிப் பாடினர். அதன் பின்னரே அரசன் இமயத்திற்குச் சென்று கல் கொணர்ந்தான் என்கிறது காப்பியம். அரசனின் கல்லுக்கு முன்பே மக்களின் பாட்டு பிறந்துவிட்டது.

கதைப்பாடலின் இயல்பு

ஒரு கதையைத் தொடர்ச்சியாகக் கூறும் நாட்டுப்புறப் பாடல் கதைப்பாடல் எனப்படும். அம்மானை, கும்மி, சிந்து, வில்லுப்பாட்டு, உடுக்கடிப்பாட்டு எனப் பல வடிவங்களில் இது வழங்குகிறது. பெரும்பாலும் தெய்வ வணக்கத்தில் தொடங்கி, அவையடக்கம் கூறி, கதையை விரித்து, கேட்போரை வாழ்த்தி முடியும்.

வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் பெரிய வில்லின் முன் அமர்ந்து, வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார். உடுக்கை, குடம், தாளம், கட்டை ஆகியன உடன் ஒலிக்கும். அவர் ஓர் அடியைப் பாட, உடனிருப்போர் அதனை ஏற்றுத் திரும்பப் பாடுவர். ஒரே அடியும் ஒரே தொடரும் பலமுறை வருவதைக் குறையெனக் கருதலாகாது. ஏடு இல்லாமல் பாடுபவருக்கு அவையே நினைவின் படிகள். ஓர் அடியைத் திரும்பச் சொல்லும் நேரத்தில் அடுத்த அடி அவர் மனத்தில் வந்து நிற்கும்.

வாய்மொழியாக வழங்கிய கதைகள் பின்னர் அச்சிலும் ஏறின. ‘பெரிய எழுத்து’ என்னும் அடைமொழியோடு மலிவான தாளில் அச்சிடப்பட்ட கதைப் புத்தகங்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டன. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் பாட, தெருவினர் கூடியிருந்து கேட்பர். புயல், வெள்ளம், விபத்து, கொலை முதலிய அண்மை நிகழ்ச்சிகளும் சிந்துகளாகப் பாடி விற்கப்பட்டன. செய்தித்தாள் சென்றடையாத ஊர்களுக்கு அவை செய்தியைக் கொண்டு சென்றன.

செஞ்சியின் இளைஞன்

தேசிங்குராசன் கதை இவ்வாறு தமிழகம் முழுவதும் பரவிய கதைகளுள் ஒன்று. செஞ்சிக் கோட்டையை ஆண்ட சரூப்சிங்கின் மகன் தேசிங்கு. தேஜ்சிங் என்னும் பெயரே தமிழில் தேசிங்கு ஆயிற்று. புந்தேலா இராசபுத்திர மரபினர் இவர்கள். தந்தை இறந்த பின் கோட்டையைத் தம் உரிமையெனக் கொண்ட தேசிங்கிடம், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் வரிப்பணம் கேட்டார். அதனால் மூண்ட போரில் 1714ஆம் ஆண்டு தேசிங்கு மாண்டார். அவர் ஆண்ட காலம் ஓராண்டுகூட இல்லை. வயது இருபத்திரண்டு என்பர்.

ஓராண்டுகூட ஆளாத ஒருவரை மூன்று நூற்றாண்டுகளாக மக்கள் பாடுவது ஏன்? பாட்டைக் கேட்டால் விடை தெரியும். தேசிங்கின் நண்பர் மகபத்கான் என்னும் இசுலாமியர். பாட்டில் அவர் மோவுத்துகாரன் என வழங்கப்படுகிறார். போர்ச் செய்தி வந்தபோது அவர் மணக்கோலத்தில் இருந்தார் என்றும், மணப்பந்தலை விட்டு நீங்கி நண்பனிடம் விரைந்தார் என்றும் பாட்டு கூறுகிறது. இருவரும் அப்போரில் மடிகின்றனர். குதிரைகளுக்கும் பாட்டில் பெயர் உண்டு. தேசிங்கின் குதிரை பாராசாரி, மோவுத்துகாரனின் குதிரை நீலவேணி. வரிக்கணக்கையும் படைக்கணக்கையும் அரசாங்க ஏடுகள் எழுதிவைத்தன. இருவேறு சமயத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞரின் நட்பை மக்கள் எழுதாமலே காத்தனர்.

தேசிங்கு துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார் என்பது வரலாறு. பாட்டோ, அவர் தம் வாளையே மேலே எறிந்து மார்பில் ஏந்தி இறந்தார் என்கிறது. தம் தலைவனைப் பகைவன் கொன்றான் என்று சொல்ல மக்கள் மனம் ஒப்பவில்லை என்பதை இவ்வேறுபாடு நமக்கு உணர்த்துகிறது.

அழிக்கப்பட்ட ஊர்

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டியக் கட்டபொம்மனை அறியாத தமிழ் மாணவர் இலர். 1798இல் இராமநாதபுரத்தில் ஆட்சியர் ஜாக்சனைச் சந்தித்தபோது கைகலப்பு நேர்ந்தது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் தலைமையிலான படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. கோட்டையை விட்டு நீங்கிய கட்டபொம்மன் புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டார்; 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாள்களிலேயே மீண்டும் எழுப்பினார். அவ்வாண்டு மே 24ஆம் நாள் அக்கோட்டையும் வீழ்ந்தது. கும்பினியார் கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர். ஊரின் பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்கினர். ஓர் ஊரை நிலத்திலிருந்தும் தாளிலிருந்தும் ஒருங்கே அழிக்கும் முயற்சி அது. எனினும் கட்டபொம்மன் கதைப்பாடல் வாய்வழியே வழங்கிற்று. கட்டபொம்மு கூத்து ஊர்தோறும் ஆடப்பட்டது. பதிவேட்டில் இல்லாத பெயரை எழுத்தறியா மக்கள் நாவில் வைத்திருந்தனர்.

பெயர் தெரியாத தாய்

அப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1830இல் வெளியான தம் நினைவு நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். கோட்டை வீழ்ந்த பின், தன் மகனைத் தேடிப் போர்க்களத்திற்கு ஒரு தாய் வந்தாள். அவன் குற்றுயிராய்க் கிடந்தான். தாய் தூக்க முயன்றபோது, தன்னை விட்டுவிட்டு அருகே காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு மகன் வேண்டினான். அவளும் உடன்வந்த பெண்களும் ஊமைத்துரையைத் தங்கள் இருப்பிடத்திற்குத் தூக்கிச் சென்றனர். அவரைத் தேடி எட்டயபுரத்து வீரர்கள் வந்தபோது, அவர்மீது துணியைப் போர்த்தி, அம்மை நோயால் மகன் இறந்தான் என்று கூறி ஓலமிட்டனர். நோய்க்கு அஞ்சி வீரர்கள் விலகிச் சென்றனர்.

பகைப்படையின் அதிகாரியே வியந்து எழுதிய நிகழ்ச்சி இது. ஆயினும் அத்தாயின் பெயர் அந்நூலில் இல்லை. அவள் மகனின் பெயரும் இல்லை. அச்சூழலில் அவர்கள் எழுப்பிய ஓலம் பொய்யாக இருந்திருக்க முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள். பெற்ற மகனைக் களத்தில் விட்டு வந்தவள் அவள். வேறொருவருக்காக எழுப்பிய அந்த ஒப்பாரியில் தன் மகனுக்கான ஒப்பாரியும் கலந்திருந்திருக்கும். மன்னரைப் பாடும் கதைப்பாடல்களுக்குப் பக்கத்தில் பெண்கள் பாடும் ஒப்பாரிகளையும் நாம் வைத்துப் போற்றவேண்டிய காரணம் இதுவே. பட்டயத்திலோ நூலிலோ இடம்பெறாத எளியோரின் பெயர்கள் ஒலிக்கும் இடம் ஒப்பாரி.

மாற்றப்பட்ட கதை

பொதிகை மலைச் சாரலில், பாபநாசத்திற்கு மேல் காரையாற்றுப் பகுதியில் சொரிமுத்து அய்யனார் கோவில் உள்ளது. ஆடி அமாவாசையன்று அங்கே பெருங்கூட்டம் கூடும். அக்கோவிலில் பட்டவராயன் சன்னிதி ஒன்று உண்டு. அங்கு மக்கள் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டுவர். கோவிலுக்குள் செருப்பா என்று வியக்கத் தோன்றும். அதன் விடை முத்துப்பட்டன் கதைப்பாடலில் உள்ளது.

முத்துப்பட்டன் அந்தணர் குலத்தில் பிறந்தவன். தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் மகளிரான பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பினான். தன் குலத்தை விட்டால் மணம் செய்து தருவேன் என்றார் தந்தை. முத்துப்பட்டன் குடுமியையும் பூணூலையும் களைந்தான். செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றான். அவர்களுள் ஒருவனாகி மணந்தான். பின்னர் மாமனின் ஆநிரையைக் கவர வந்த கள்வரோடு போரிட்டு மாண்டான். மனைவியர் இருவரும் அவனோடு தீயில் மூழ்கினர். உண்மை நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்ட கதை இது என ஆய்வாளர் கருதுவர்.

இக்கதைப்பாடலைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை ஒரு செய்தியைச் சுட்டிக்காட்டினார். வில்லுப்பாட்டாக வழங்கும் வடிவத்தில், அம்மகளிர் இருவரும் அந்தணர் குலத்தில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்றும், வாலப்பகடை அவர்களை எடுத்து வளர்த்தார் என்றும் கதை திருத்தப்பட்டுள்ளது. இத்திருத்தத்தால் முத்துப்பட்டன் செய்த துறவுக்குப் பொருளே இல்லாமற் போகிறது. குலம் கடந்த மணத்தைப் பொறுக்காதவர்கள் கதையை அழிக்க இயலாமல், அதன் உயிர்நிலையை மட்டும் மாற்றினர். ஆயினும் மக்கள் இன்றும் சன்னிதியில் செருப்பைக் கட்டுகின்றனர். பாட்டு மாறிய இடத்தில் காணிக்கை சான்றாய் நிற்கிறது.

நாம் வாழும் மண்ணின் பாட்டு

தெலங்கானாவிலும் இத்தகைய கதைகள் உள. ஜனகாம் மாவட்டத்துக் கிலாஷாபுரத்தோடு தொடர்புடையவர் சர்வாயி பாபன்னா. கள் இறக்கும் குடும்பத்தில் பிறந்த இவர், முகலாயர் ஆட்சி தளர்ந்த காலத்தில் படை திரட்டினார்; 1708இல் வாரங்கல் நகரைத் தாக்கினார்; 1710இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அக்காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் காஃபி கான் இவரைக் கொள்ளையர் என்றே எழுதினார். தெலுங்குப் பாட்டோ இவரை வீரர் என்கிறது. ஜே.ஏ. பாயில் என்னும் ஆங்கிலேயர் 1874ஆம் ஆண்டு வெளியிட்ட தெலுங்குக் கதைப்பாடல்கள் பற்றிய கட்டுரையில் இவரைப் பற்றிய பாட்டும் இடம்பெற்றது. பாபன்னா இறந்து நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் மக்கள் அவரைப் பாடிக்கொண்டிருந்தனர் என்பது இதனால் விளங்கும். உங்கள் தெலுங்கு நண்பர்களைக் கேட்டால், அவர்கள் இக்கதையை அறிந்திருக்கக்கூடும்.

பாட்டும் சான்றும்

பாட்டில் வருவன அனைத்தும் வரலாறு என்று கொள்ளலாகாது. பாட்டு ஒருவரைக் காப்பது போலவே மற்றொருவருக்குத் தீங்கும் செய்யக்கூடும். ‘எட்டப்பன்’ என்னும் சொல் இன்று காட்டிக்கொடுப்பவன் என்னும் பொருளில் வழங்குகிறது. எட்டயபுரத்தாருக்கும் பாஞ்சாலங்குறிச்சியாருக்கும் எல்லைத் தகராறு இருந்தது. எட்டயபுரத்தார் வெளிப்படையாகவே கும்பினியார் பக்கம் நின்று போரிட்டனர். கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். எனினும் பழி முழுவதும் ஒரு குடும்பப் பெயர்மீது தங்கிவிட்டது. பாரதியார் 1882இல் பிறந்த ஊரும் அந்த எட்டயபுரமே என்பதை நினைவிற்கொள்க.

1959இல் வெளியான ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தின் புகழ்பெற்ற உரையாடலையும் பலர் வரலாறு என்றே நம்புகின்றனர். அது சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வசனம். ஆகவே, பாட்டைக் கேட்கும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இதனைப் பாடியவர் யார்? யாருக்காகப் பாடினார்? வேறு சான்றுகள் என்ன கூறுகின்றன? இவ்வினாக்களால் பாட்டின் சுவை குன்றாது. பாட்டில் உள்ள மனிதருக்கு நாம் செய்யும் நீதி அது.

தொகுத்தோர் பணி

பாடியவர்கள் மறைந்தால் பாடல்களும் மறையும். இதனை உணர்ந்த அறிஞர்கள் அவற்றைத் தேடித் தொகுத்தனர். மு. அருணாசலம் 1943இல் ‘காற்றிலே மிதந்த கவிதை’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ என்னும் பெயரில் 1958இல் பதிப்பித்தார். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்னும் தொகுப்பை வழங்கினார். அவர் பதிப்பித்த கட்டபொம்மன் கதை, கான்சாகிபு சண்டை, முத்துப்பட்டன் கதை முதலியவற்றை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தார்.

இப்பணி இன்னும் முடியவில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த குடும்பங்களில் பாட்டியின் நினைவில் மட்டும் ஒரு பாட்டு தங்கியிருக்கும். பேரக்குழந்தைக்கு அவ்வூர்ச் சொற்கள் புரியாத நிலையில், அவர் அதைப் பாடாமலே விட்டுவிடுவார். பாடுபவர் இருந்தும் கேட்பவர் இல்லாமல் பாட்டு மறையும் முறை இதுவே. தமிழை விருப்பப் பாடமாகக் கற்கும் நீங்கள் அந்தப் பாட்டியின் முன் அமர்ந்து, புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்டு எழுதிக்கொண்டால், ஒரு மனிதரின் கதை இன்னுமொரு தலைமுறைக்கு வாழும்.

அருஞ்சொற்பொருள்

ஆநிரை – பசுக்கூட்டம்
கும்பினியார் – கிழக்கிந்திய வணிகக் குழுவினர்
பாளையக்காரர் – பாளையம் என்னும் சிறு நிலப்பகுதியை ஆண்டவர்
அவையடக்கம் – அவையோர்முன் பணிவு கூறுதல்
வீசுகோல் – வில்லின் நாணைத் தட்டும் கோல்
குற்றுயிர் – உயிர் போகும் நிலை
சன்னிதி – கோவிலில் தெய்வம் எழுந்தருளியுள்ள இடம்

இலக்கணக் குறிப்பு

நடுகல், வீசுகோல் – வினைத்தொகைகள்
பெருங்கூட்டம் – பண்புத்தொகை
எழுத்தறியா மக்கள் – ‘அறியா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
கதைப்பாடல் – இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை (கதையைக் கூறும் பாடல்)

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. நடுகல் வழிபாட்டின் இறுதி நிலை __________.
2. தேசிங்கின் குதிரையின் பெயர் __________.
3. ‘மலையருவி’ என்னும் தொகுப்பைப் பதிப்பித்தவர் __________.
4. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் __________.

ஆ. பிரித்து எழுதுக.
1. கதைப்பாடல்  2. பெரும்படை  3. எழுத்தறியா  4. குற்றுயிர்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கதைப்பாடல்களில் ஒரே அடி திரும்பத் திரும்ப வருவதன் பயன் யாது?
2. பட்டவராயன் சன்னிதியில் மக்கள் செருப்பைக் காணிக்கையாக்குவது ஏன்?
3. தேசிங்கின் இறப்பைப் பற்றிப் பாட்டும் வரலாறும் எவ்வாறு வேறுபடுகின்றன?

ஈ. பத்துத் தொடர்களில் விடை எழுதுக.
1. ஊமைத்துரையைக் காத்த தாயின் செயலை உம் சொந்த நடையில் எழுதுக.
2. காஃபி கான் ‘கொள்ளையர்’ என்றார். மக்கள் ‘வீரர்’ என்றனர். ஒருவரைப் பற்றி இவ்வாறு இருவேறு கருத்துகள் எழக் காரணம் யாது? உம் கருத்தை விளக்குக.
3. ‘எட்டப்பன்’ என்னும் சொல்லை வசைச்சொல்லாக வழங்குவது முறையா? காரணம் காட்டி எழுதுக.

உ. செயல்திட்டம்

உம் வீட்டிலோ சுற்றத்திலோ உள்ள முதியவர் ஒருவரிடம், உண்மையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிய பாட்டையோ ஒப்பாரியையோ கேட்டுப் பதிவு செய்க. தொலைவில் இருப்பவராயின் தொலைபேசி வழியே கேட்கலாம். பதிவு செய்யும் முன் அவரது இசைவைப் பெறுக. அவர் சொன்ன சொல்லைச் சொன்னவாறே எழுதுக. வட்டார வழக்கைத் திருத்த வேண்டா. பாடியவரின் ஊர், அவர் அப்பாட்டை யாரிடம் கற்றார், எந்தச் சூழலில் பாடப்பட்டது ஆகியவற்றையும் குறித்துக்கொள்க. பொருள் விளங்காத சொற்களைத் தனியே பட்டியலிட்டு அவரிடமே கேட்டு எழுதுக. தெலுங்கு பேசும் நண்பரின் வீட்டில் கேட்ட பாட்டாயின், அதன் கதையைத் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.